மணக்காத சாம்பிராணி

எனக்கு நெஞ்சு விரியாது.

இது நானாகச் சொல்வது அல்ல. பத்தொன்பது வயதில், ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், ஜட்டியோடு வரிசையில் நின்றேன். ஓட்டத்தில் தேறிவிட்டேன். உயரமும் சரியாக இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தால் நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டுமாம். எனக்கு மூன்றோடு நின்றுவிட்டது. அளந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் கண்மாயில் முங்கி முங்கி மூச்சுப் பிடித்துப் பழகினேன். மறு வருஷம் மூன்றரை வந்தது. அந்தக் கணக்குப்படி இன்னும் மூன்று வருஷம் முங்கியிருந்தால் சிப்பாய் ஆகியிருப்பேன். அதற்குள் கண்மாய் வற்றிவிட்டது.

என் பெயர் சுந்தரபாண்டி. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் இடது கைப்பக்கம் ஒரு தகரக் கொட்டகையும், அதைச் சுற்றிக் கறுத்துப்போன மண்ணும் தெரியும். அதுதான் என் தொழிற்சாலை. அப்பா விட்டுப்போனது பதினோரு ஏக்கர். அதில் ஒன்பது ஏக்கரில் சீமைக்கருவேல் தானாகவே விளைந்து கிடந்தது. வேறெதையும் விளைவிக்கத் தெரியாதவனுக்கு அதைவிட நல்ல வெள்ளாமை கிடையாது. வெட்டினேன், அடுக்கினேன், மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தேன். காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் உள்ளேயே புழுங்கி வெந்தால் விறகு கரியாகும். இதற்கு மூட்டம் என்று பெயர். முப்பது வருஷம் மூட்டப்புகை குடித்த நெஞ்சு இப்போது எவ்வளவு விரியும் என்று யாரும் அளக்கவில்லை. அளக்க விடவும் மாட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கொட்டகை வாசலில் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினார். பெயர் ஈஸ்வரி என்றும், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருப்பதாகவும் சொன்னார். சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி. நம் வழக்கப்படி அடுத்த கேள்வியாக அப்பா பெயரைக் கேட்டேன். ராமசுப்பு என்றார். என் தாய்மாமா மூட்டம் போட்ட காலத்தில் அவரிடம் கூலிக்கு விறகு வெட்டியவர் ராமசுப்பு. வெயிலில் நின்றபடியேதான் கூலி வாங்கிப் போவார். அவர் மகளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட எனக்கு அரை நிமிஷம் ஆனது. இந்தக் கதையில் என் மடத்தனங்கள் நிறைய வரும், சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்க முடியாதவை இரண்டு உண்டு. அந்த அரை நிமிஷம் முதலாவது.

அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. உட்கார்ந்தார், விஷயத்தைச் சொன்னார். விஷவாயுவுக்கு எதிராகச் சிப்பாய்கள் போட்டுக்கொள்ளும் முகமூடியில், வாய்ப்பக்கம் ஒரு டப்பா இருக்கும். அதற்குள் இருப்பது ஒருவகைக் கரி. காற்று அதற்குள் புகுந்து வரும்போது விஷம் கரியிலேயே தங்கிவிடும், நல்ல மூச்சு மட்டும் உள்ளே போகும். இப்போது அதைத் தேங்காய்ச் சிரட்டையில் செய்கிறார்கள். நம் சீமைக்கருவேலில் செய்ய முடியுமா என்று வடக்கே ஒரு ராணுவ ஆய்வுக்கூடம் பார்க்க விரும்புகிறது. ஆய்வுக்கூடம் என்ன வேண்டும் என்று சொல்லி, செய்ததைச் சோதித்துப் பார்க்கும். கல்லூரி அதற்கு வழி கண்டுபிடிக்கும். செய்து கொடுக்க ஒரு தொழிற்சாலை வேண்டும். மூவரும் சேர்ந்துதான் ஒப்பந்தம். மதுரையில் இரண்டு கம்பெனிகளில் கேட்டாராம். கருவேலா என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம்.

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. சிப்பாய், மூச்சு என்ற இரண்டு வார்த்தைகளே எனக்குப் போதும். நான் நுழைய முடியாத இடத்துக்குள் என் கரி நுழையப் போகிறது, அதுவும் மூச்சு சம்பந்தப்பட்ட வேலைக்கு. என்ன ஏது என்று கேட்காமலே சரி என்றேன். யோசித்துச் சொல்லும்படி டீச்சர்தான் கெஞ்சினார். நான் டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். உதவிப் பேராசிரியர் என்று இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாளே அருப்புக்கோட்டையில் பிளக்ஸ் அடித்தேன். பத்தடிக்கு எட்டடி. ஒரு பக்கம் பீரங்கி வண்டி, இன்னொரு பக்கம் போர் விமானம், நடுவில் கூலிங்கிளாஸ் போட்டு நான். கீழே 'இந்திய ராணுவ ஆராய்ச்சியுடன் இணைந்து' என்று கொட்டை எழுத்து. கரிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று டீச்சர் கேட்டார். பிளக்ஸ் கடையில் முகமூடிப் படம் இல்லை, நான் என்ன செய்வது. அதுவரை ஊரில் எனக்குக் கரிமூடை என்று பட்டப்பெயர். அன்றிலிருந்து மிலிட்டரி. கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். கேலி என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன்.

ஒப்பந்தத்தில் ரகசியம் காக்க வேண்டும் என்று ஒரு பாரா இருந்தது. எது ரகசியம், எது ரகசியமில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் எல்லாவற்றையும் ரகசியமாக்கிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று என் வீட்டுக்காரி ஆவுடைத்தாய் போனில் கேட்டதற்குக்கூட, சொல்ல முடியாது என்று பதில் சொன்னேன். அவளோ முழு விவரத்தையும், என் கொட்டகையில் கரி பொறுக்கித் தரம் பிரிக்கிற ஜக்கம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஜக்கம்மாளுக்குச் சொன்னது டீக்கடைக்காரர். டீக்கடைக்காரருக்குச் சொன்னது நான்.

வேலை லேசாக முடியவில்லை. கரியைக் கேப்பை அளவுக்கு உடைத்து, உருளுகிற ஓர் இரும்பு உலையில் போட்டு, பழுக்கக் காய்ச்சி, நீராவி விட வேண்டும். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஓட்டைகள் உண்டாகுமாம். உலையைத் திட்டத்தின் பெயரில் வாங்கி என் கொட்டகையில் நிறுத்தினார்கள். நீராவி கூடினால் கரி சாம்பலானது, குறைந்தால் சும்மா கரியாகவே கிடந்தது. இரண்டு வருஷம் டீச்சர் வாரத்துக்கு மூன்று நாள் கல்லூரி முடிந்து ஸ்கூட்டியில் வந்து, நோட்டில் எழுதி எழுதி, சூட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். சேலை, செருப்பு, நோட்டு எல்லாம் கறுப்பாயிற்று. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தொழிற்சாலைத் தரப்பின் பங்களிப்பு பெரும்பாலும் அதுதான்.

கடைசியில் ஒரு நாள் சரியாக வந்தது. எப்படித் தெரிந்தது என்றால், ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைப் போட்டு, பக்கத்திலேயே ஒரு கை கரியையும் போட்டு மூடி வைத்தார் டீச்சர். மறுநாள் திறந்து ஜக்கம்மாளை முகரச் சொன்னார். ஒரு மைல் தூரத்தில் கருவாடு வறுத்தால் எந்த வீட்டில் என்று சொல்லக்கூடிய மூக்கு அது. ஜக்கம்மாள் முகர்ந்து பார்த்து, ஒன்றுமே வரவில்லை என்று கையை விரித்தாள். மண்ணெண்ணெய் எங்கே போனது என்று நான் கேட்டேன்.

"இந்தக் கரிக்குப் பசி அண்ணே. பக்கத்துல எந்த வாடை வந்தாலும் தின்னுரும். ஒரு அளவுக்கு மேல தின்னுருச்சுன்னா வயிறு நெறஞ்சிரும், அப்புறம் வெசத்தத் தின்னாது. அதனாலதான் பட்டினியாவே மூடி வைக்கணும்" என்றார்.

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். பச்சைப் பிள்ளைக்கும் புரியும். எனக்கும் புரிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தக் கரிக்குப் பசிக்கரி என்று பெயர்கூட வைத்தேன்.

ஆறு டப்பாக்களில் பசிக்கரியை நிரப்பினோம். டீச்சர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக் கல்லூரியில் சோதித்து, அளவைக் குறித்து ஆய்வுக்கூடத்துக்கு எழுதினார். சிரட்டைக்கரியை விடக் கூடுதலாகத் தின்கிறது என்று கணக்கு வந்தது. இரண்டு டப்பாக்களைக் கல்லூரியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, நான்கை என் கொட்டகையிலிருந்து லாரி பார்சலில் அனுப்ப வேண்டும். மூடிகளைச் சுற்றி டேப் ஒட்டியாயிற்று. அனுப்புகிறவரை டப்பாக்களைத் திறக்கமாட்டேன் என்று உறுதிமொழித் தாளில் என் கையெழுத்து. பார்சல் போக வேண்டிய நாள் விஜயதசமி. அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை.

இனி நடந்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு உலை, தராசு, மண்வெட்டி, லோடு வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நான்கு டப்பாக்களையும் நடுவில் வரிசையாக வைத்தேன். முதன்முதலாக ராணுவத்துக்குப் போகிற சரக்கு. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. ஆனால் மூடியிருந்தன. மூடின டப்பாவுக்குப் பூசை போட்டால் உள்ளே இருப்பது சாமிக்கு எப்படித் தெரியும்? டேப்பைப் பிரித்து நான்கையும் திறந்தேன். திறப்பதற்கும் பூசைக்குத் திறப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் இப்படி ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

சாம்பிராணி போட்டேன். தூபக்காலை எடுத்து டப்பாக்களைச் சுற்றி மூன்று சுற்று வந்தேன். பன்னீர் தெளித்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் கரியின் மேல் வெற்றிலை வைத்து, அதில் இரண்டு பெரிய கட்டிக் கற்பூரம் வைத்தேன். ஏற்றினால் கரி பற்றிக்கொள்ளும் என்று ஏற்றாமல் விட்டேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது. பூசையில் வைத்த பொருளை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது என்பதால் நான்கும் விடிய விடியத் திறந்தே கிடந்தன. காலையில் பார்த்தால் கற்பூரம் கொஞ்சம் இளைத்திருந்தது. சாமி எடுத்துக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமிக்கு வைத்ததைத் திரும்ப எடுக்கலாமா? மிச்சத்தை நுணுக்கிக் கரிக்குள்ளேயே தூவி, மூடி, புது டேப் ஒட்டி, லாரி ஏற்றினேன்.

விஷத்தைத் தின்கிற கரி என்று டீச்சர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் சாமிக்குப் போடுகிற சாம்பிராணியை யாராவது விஷம் என்று நினைப்பார்களா?

அன்று பூசை முடிந்ததும் ஆவுடைத்தாய் ஒன்று சொன்னாள். இவ்வளவு சாம்பிராணி போட்டும் கொட்டகைக்குள் வாசமே இல்லையே என்றாள். முகர்ந்து பார்த்தேன், புகை வாடை கொஞ்சம் இருந்தது, மணம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. சாம்பிராணி வாங்கியது வீரசோழனில் நைனா முகமது பாய் கடையில். இருபது வருஷப் பழக்கம். அடுத்த வாரமே பஸ் ஏறிப் போய், கடையில் நாலு பேர் இருக்கும்போதே, போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. அது குற்றவாளியின் மௌனம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

டிசம்பர் கடைசியில் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. கல்லூரி எழுதிக் கொடுத்த அளவில் பாதிகூடக் கரி தின்னவில்லை. நான்கு டப்பாவும் அதே கதை.

கரி மோசம் என்று மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கல்லூரியின் அளவும் தங்கள் அளவும் இவ்வளவு வித்தியாசப்படுவதற்கு விளக்கம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. ஈஸ்வரி டீச்சர் இல்லாத அளவை இருப்பதாக எழுதியிருக்கிறார் என்பதுதான். கல்லூரியில் அவர் நோட்டுகளை வாங்கிப் பூட்டி வைத்தார்கள். அவர் வேலை வருஷத்துக்கு ஒரு முறை நீட்டிக்கிற வேலை. பொய்க்கணக்கு என்று பெயர் வந்துவிட்டால் இந்தக் கல்லூரி மட்டுமல்ல, எந்தக் கல்லூரியும் சேர்க்காது. ஆய்வுக்கூடத்தோடு வீடியோவில் ஒரு கூட்டம், அதில் விளக்கம் சொல்ல வேண்டும், மூன்று வாரம் அவகாசம்.

டீச்சர் கொட்டகைக்கு வந்தார். உட்காரவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டப்பாவ யாராச்சும் தொறந்தீகளா அண்ணே?"

"இல்ல டீச்சர். யாரும் தொறக்கல" என்றேன்.

யோசிக்கவே இல்லை. உறுதிமொழித் தாளும் கையெழுத்தும் கண் முன்னால் வந்தன, பதில் தானாக வாயில் வந்துவிட்டது. பூசையால் கரி கெட்டிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் திறந்தது தெரியும். சிரிக்க முடியாதது இரண்டு என்றேன் அல்லவா, இது இரண்டாவது. அவர் நம்பினார். தன் கணக்கில்தான் எங்கோ தப்பு நடந்திருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்தார்.

ஊரில் உடனே பேச்சு கிளம்பியது. விறகு வெட்டுகிறவன் மகளை நம்பி மிலிட்டரி மோசம் போனார் என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்காகப் பரிந்து பேசுகிறார்களாம். நான் மறுக்கவில்லை. மறுத்தேன் என்று இங்கே எழுதலாம், கேட்க நன்றாக இருக்கும். மறுக்கவில்லை.

பொங்கல் கழிந்து, கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், ஒரு லோடு விஷயமாக வீரசோழன் போனேன். பாய் கடையைத் தவிர்க்க பஜாரில் எதிர்ப்பக்கமாக நடந்தேன். அவர் பார்த்துவிட்டார். கடையை விட்டு இறங்கி வந்து, கோபப்படாமல் கையைப் பிடித்தார்.

"மூணு மாசமா என் சாம்பிராணி போலின்னு ஊரு பூரா சொல்றீகளாம். அதே மூடைதான் அண்ணே, மிச்சம் வச்சிருக்கேன். நீகளே போட்டுப் பாருங்க. அப்புறமும் போலின்னா நான் கடைய மூடிட்டுப் போறேன்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தூபக்காலில் நெருப்புக் கங்குகளை அள்ளிப்போட்டு, ஒரே ஒரு சிட்டிகை தூவினார். புகை எழும்பியது. கடை மணத்தது. பக்கத்துத் துணிக்கடை மணத்தது. ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து மூச்சை இழுத்தாள். ஒரு சிட்டிகைக்கு ஒரு தெரு மணக்கிறது. நான் அன்று கொட்டகையில் போட்டது அரைக் கிலோ.

அப்போதுதான் அந்த அரைக் கிலோ எங்கே போனது என்று எனக்கு உறைத்தது. பக்கத்தில் எந்த வாடை வந்தாலும் தின்றுவிடும் என்று டீச்சர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. நான்கு டப்பாவும் விடிய விடிய சாம்பிராணி தின்றிருக்கிறது, பன்னீர் குடித்திருக்கிறது. வழிநெடுகக் கற்பூரமும் தின்று, வயிறு முட்டிப் போய் ராணுவத்தின் வாசலில் இறங்கியிருக்கிறது. அதற்குமேல் விஷத்தை எங்கே தின்னும். பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு இவ்வளவு அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. சாம்பிராணிக்காக அழுகிறேன் என்று நினைத்து, ஒரு பொட்டலம் சும்மா கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஆவுடைத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, சொல்லாமல் இருப்பதற்கான காரணங்களையும் அடுக்கினேன். சொன்னால் உறுதிமொழியை மீறியதற்காக என்னை ஒப்பந்தத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். உலை போய்விடும். பிளக்ஸை இறக்க வேண்டும். டீச்சர் படித்தவர், வேறு வேலை கிடைக்கும். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு நெஞ்சு விரியாதுன்னு ராமநாதபுரத்துல அப்பவே அளந்து சொல்லிட்டாகளே. நான்தான் நம்பாம இருந்திருக்கேன்" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

கூட்டம் கல்லூரி முதல்வர் அறையில். சுவரில் பெரிய டிவி. அதில் மூன்று அதிகாரிகள், நடுவில் நரைத்த மீசைக்காரர். எல்லாம் இங்கிலீஷ். முதல்வருக்குப் பக்கத்தில் டீச்சர், கையில் பூட்டிலிருந்து எடுத்த நோட்டுகள். நான் எதுவும் புரியாமல் இருந்துவிடக் கூடாது என்று, எனக்கு மொழிபெயர்க்கும் வேலையையும் அவருக்கே கொடுத்திருந்தார்கள். மீசைக்காரர் விளக்கம் கேட்டார். டீச்சர் முதல் நோட்டைத் திறந்தார். இல்லாத தப்பைத் தேடி அவர் வரிவரியாக விரலை ஓட்டுவதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். எழுந்தால் பேச்சு வரும் என்று நினைத்தேன். மூச்சுத்தான் வாங்கியது.

"டீச்சர், நான் சொல்றத அவுகளுக்கு அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்த கொறைக்க வேண்டாம். டப்பாவ நான்தான் தொறந்தேன். ஆயுத பூசைக்கு ராத்திரி பூரா தொறந்து வச்சு சாம்பிராணி போட்டேன், கற்பூரத்த நுணுக்கி உள்ள தூவுனேன். நீக வந்து கேட்டப்ப தொறக்கலன்னு பொய் சொன்னேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். அறையில் வேறு யாருக்கும் அவர் முகம் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது. பிறகு திரும்பி, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். கற்பூரத்துக்குக் கேம்பர் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அது அவரைப் பற்றிய வாக்கியம். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, குறைக்காமல் அதையும் சொன்னார்.

மீசைக்காரர் ஒரு டப்பாவுக்கு எத்தனை கற்பூரம் என்று கேட்டார். இரண்டு கட்டி என்றேன். எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த இளைய அதிகாரி குனிந்து எதையோ தேடினார், சிரிப்பை மறைக்கத்தான். எதற்காகத் திறந்தீர்கள் என்று அடுத்த கேள்வி. மூடியிருந்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்றேன். டீச்சர் அதையும் மொழிபெயர்த்தார். அதற்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை. கல்லூரியில் இருக்கும் இரண்டு டப்பாக்களை டீச்சரே கையோடு ரயிலில் கொண்டுவர வேண்டும் என்றார் மீசைக்காரர். உறுதிமொழியை மீறிய கூட்டாளியைப் பற்றித் தனியாகக் கடிதம் வரும் என்று சொல்லி முடித்தார்.

வராந்தாவில் டீச்சருக்குப் பின்னால் ஓடினேன். அவர் நின்றார்.

"மூணு வாரமா என்னயப் பொய்க்காரின்னு நெனச்சாக அண்ணே. எனக்கே என் மேல சந்தேகம் வந்திருச்சு. எங்க அப்பாகிட்டகூட நான் சொல்லல" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு இருந்தது, போய்விட்டார்.

ஒன்றரை மாதத்தில் அந்த இரண்டு டப்பாவின் முடிவு வந்தது. டீச்சர் எழுதிய அளவு அப்படியே இருந்தது. போனில் அவரே சொன்னார், சரியாக வந்துவிட்டது என்று மட்டும். நான் எழுந்து நின்று கேட்டேன். பிறகு எனக்கும் கடிதம் வந்தது. எதிர்பார்த்ததுதான். உலையை ஏற்ற லாரி வந்தது. மதுரையில் அன்றைக்குச் சிரித்து அனுப்பிய இரண்டு கம்பெனிகளில் ஒன்றுக்குப் போகிறது. இப்போது அவர்கள் சிரிப்பதில்லை. அங்கே ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருப்பதாகக் கேள்வி: டப்பா இருக்கும் இடத்தில் சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் கூடாது. ராணுவ ஆராய்ச்சிக்கு நான் நிஜமாகவே செய்த பங்களிப்பு அந்த ஒரு வரி.

பிளக்ஸை வீணாக்கவில்லை. மழைக்காலத்தில் கரிக்குவியலைப் போர்த்த உதவுகிறது. பீரங்கி ஒரு பக்கம், விமானம் ஒரு பக்கம், நடுவில் கூலிங்கிளாஸோடு வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறேன். மதுரைக் கம்பெனி மாதம் ஒரு லோடு கரி என்னிடம் வாங்குகிறது, வெறும் கரி. திருச்சுழிப் பக்கத்துக் கருவேலாக இருந்தால்தான் அளவு வரும் என்று டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு விதி வேதியியலில் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவரைக் கேட்கும் முகமும் எனக்கு இல்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நைனா முகமது பாய் கடைச் சாம்பிராணிதான். தராசுக்கும் மண்வெட்டிக்கும் லோடு வண்டிக்கும் பொட்டு வைத்தோம். உலை நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் சதுரமாகத் தெரிந்தது. அங்கேயும் கொஞ்சம் குங்குமம் வைத்தேன். ஒரு சிட்டிகைதான் போட்டேன். கொட்டகை நிறைந்து, ரோடு வரைக்கும் போனது.

"இந்த வருசம் நல்லா மணக்குதுல்ல?" என்றாள் ஆவுடைத்தாய்.

மணத்தது. அதைத் தின்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.